ஊசி உள்ளே இல்லை

2024 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னைப் புறநகரான பல்லாவரத்தையும் அதை ஒட்டிய தாம்பரம் மாநகராட்சிப் பகுதிகளையும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆட்டிப்படைத்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். உயிரிழப்புகளும் நேர்ந்தன. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்றார்கள் மக்கள். அரசுத் தரப்பு அதை உடனே ஏற்கவில்லை. அந்தச் சர்ச்சை ஒருபுறம் இருக்கட்டும். உடம்பில் நீர் வற்றி, கண் குழிந்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்ட நிலையில் வரும் ஒருவருக்கு வார்டில் நடக்கும் முதல் காரியம் எல்லா மருத்துவமனையிலும் ஒன்றுதான். கையில் ஒரு ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டுவார்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார்கள். சுருக்கென்று ஒரு குத்து. அடுத்த நிமிடம் புறங்கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் பிளாஸ்திரிக்கு அடியில் இடம்பிடித்திருக்கும்.

அதன் பெயர் கேனுலா. சென்னை வார்டுகளில் சிஸ்டர்கள் ‘வென்ஃப்ளான்’ என்று ஒரு கம்பெனியின் வணிகப் பெயரைச் சொல்லியே கேட்டு வாங்குவார்கள். நோயாளிகளுக்கு அது ‘ட்ரிப்ஸ் ஊசி’. மருத்துவமனையில் தங்கும் நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரை ஏதாவது ஒரு கட்டத்தில் இதைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று 2024 மே மாதம் இதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டபோது உலக சுகாதார அமைப்பு சொன்னது. இத்தனை பேர் போட்டுக்கொள்ளும் ஒரு பொருளைப் பற்றி, போட்டுக்கொண்டவர்களிடம் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. சிஸ்டருக்கு அடுத்த படுக்கை காத்திருக்கிறது. நோயாளிக்குக் கேட்கத் தயக்கம்.

நாளத்தின் வழியே உப்புநீரை ஏற்றி உயிரைப் பிடித்து நிறுத்தும் யோசனைக்கு வயது இருநூறை நெருங்குகிறது. 1832இல் ஸ்காட்லாந்தைக் காலரா சூறையாடியபோது, லீத் என்ற துறைமுக ஊரில் தாமஸ் லட்டா என்ற மருத்துவர், சாகக் கிடந்த ஒரு மூதாட்டியின் கை நாளத்தில் குழாய் செருகி உப்புக் கரைசலை ஏற்றினார். ஏறத்தாழ மூன்று லிட்டர் உள்ளே போனதும் மூதாட்டிக்கு முகம் தெளிந்தது, நாடி திரும்பியது. பிழைத்துவிட்டார் என்று நம்பி லட்டா அங்கிருந்து கிளம்பினார். சில மணி நேரத்தில் வயிற்றுப்போக்கு மறுபடி தொடங்கியது. திரும்ப ஏற்றப்படாமல் மூதாட்டி இறந்துபோனார். ட்ரிப்ஸ் என்பது ஒருமுறை ஏற்றிவிட்டுப் போகிற சமாசாரம் இல்லை, வழியைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்பதை அன்றே காட்டிவிட்ட சம்பவம் அது.

வழியைத் திறந்து வைப்பதுதான் வெகுகாலம் தொல்லையாக இருந்தது. உலோக ஊசியையே உள்ளே விட்டுவைத்தார்கள். கையை அசைத்தால் ஊசி முனை நாளத்தைக் கிழிக்கும்; ஆகவே கையை மரப்பலகையோடு சேர்த்துக் கட்டினார்கள். 1950இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில், மேயோ கிளினிக்கில் மயக்கவியல் பயின்றுகொண்டிருந்த டேவிட் மாஸாவும் அவருடைய சகாக்களும் ஊசிக்கு மேல் பிளாஸ்டிக் உறையைப் பொருத்திப் பார்த்தார்கள். குத்துவதற்கு மட்டும் ஊசி. நாளத்துக்குள் நுழைந்ததும் ஊசியை உருவிவிட்டால் மென்மையான உறை மட்டும் உள்ளே தங்கும். இன்று குரோம்பேட்டையில் போடப்படும் கேனுலாவும் இதே சூத்திரம்தான்.

ஆக, குத்தி முடித்த நொடியில் ஊசி வெளியே வந்துவிடுகிறது. கைக்குள் இருப்பது வளையக்கூடிய, மூன்று சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு குழாய். இதை யாரும் சொல்லாததால்தான் பலர் மூன்று நாளும் கையைக் கும்பிட்ட நிலையில் தூக்கிப் பிடித்தபடி, விரலைக்கூட மடக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். தேவையில்லை. இன்னொரு கையால்தான் சாப்பிட வேண்டும் என்றில்லை. செல்போன் பிடிக்கலாம், விரல்களை மடக்கி நீட்டலாம். மடக்கினால் நல்லதும்கூட, ரத்த ஓட்டம் சீராக இருக்கும். மணிக்கட்டு மடிப்பிலோ முழங்கை மடிப்பிலோ போட்டிருந்தால் மட்டும் அந்த மூட்டை அதிகம் மடக்கக் கூடாது. குழாய் மடங்கி ஓட்டம் நின்றுவிடும். அதனால்தான் மடிப்பை விட்டுத் தள்ளி முன்கையில் இடம் தேடுகிறார்கள்.

மூடியின் நிறத்தைக் கவனித்தவர்கள் குறைவு. அது அலங்காரம் இல்லை, அளவு. நிறத்துக்கு என்ன அளவு என்பது சர்வதேசத் தரத்தில் நிர்ணயிக்கப்பட்டிருப்பதால் தாம்பரத்திலும் டொராண்டோவிலும் பச்சை என்றால் ஒரே அளவுதான். மஞ்சள் மிக மெல்லியது. குழந்தைகளுக்கும் நாளம் நலிந்த முதியவர்களுக்கும். அதில் நிமிடத்துக்குச் சுமார் 20 மில்லிதான் போகும். நீலம் அதற்கடுத்தது. பெரியவர்களுக்கு வார்டில் வழக்கமாகப் போடும் பிங்க் நிமிடத்துக்கு 60 மில்லி அளவு விடும். பச்சை 90ஐத் தொடும். சாம்பல் அதைப்போல் இரண்டு மடங்கு. ஆரஞ்சு எல்லாவற்றையும்விடப் பெரியது. அளவுக்குரிய எண் மட்டும் தலைகீழாக ஓடும்: 24 என்றால் மெல்லியது, 14 என்றால் தடிமன்.

பிரசவ வார்டில் நல்ல ஆரோக்கியமான பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு தடித்த பச்சைக் குழாய் என்று மாமியார்கள் கேட்பது உண்டு. பிரசவம் முடிந்ததும் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போனால் நிமிடங்களில் ரத்தமும் திரவமும் ஏற்ற வேண்டிவரும். அப்போது நாளம் சுருங்கிக் கிடக்கும், தேடினாலும் அகப்படாது. முன்னாலேயே வழி போட்டு வைப்பது அதற்காக. ஜிஎஸ்டி சாலை விபத்தில் அடிபட்டு வருபவருக்கும் அதே கணக்கு. இரண்டு கையிலும் பெரிய கேனுலா போடுவார்கள். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தரும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை 2021 டிசம்பர் 18 அன்று அரசு தொடங்கிவைத்தது, அதே ஜிஎஸ்டி சாலையில் உள்ள மேல்மருவத்தூரில்தான்.

குத்துவதற்கு முன்னால் நோயாளி வாய் திறந்து சொல்ல வேண்டிய சில சங்கதிகள் உண்டு. எந்தக் கை பழக்கக் கை என்று சொன்னால் மற்றதில் போடப் பார்ப்பார்கள். ஈக்கோஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர் அதைச் சொல்ல வேண்டும். பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளாதவர், ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவர் அதையும் சொல்லலாம்; இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, படுக்கவைத்துப் போடுவார்கள். மார்பகப் புற்றுக்காக அக்குள் நிணநீர்க் கட்டிகளை எடுத்தவர்கள் அந்தப் பக்கத்துக் கையைத் தரக் கூடாது. மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். கை வீங்கினால் அதை வெட்டித்தான் எடுக்க முடியும். வளைகாப்பு வளையல்களுடன் வரும் கர்ப்பிணிகளுக்கு அவற்றை மேலே தள்ளிவிட்டுப் போடுகிறார்கள். கீழே நழுவி வந்து குழாயில் இடிக்காமல் பார்த்துக்கொள்வது கூட இருப்பவர் வேலை. மணிக்கட்டில் கட்டிய மந்திரித்த கயிறு இன்னொரு தொல்லை. வாரக்கணக்கில் நனைந்து காய்ந்த அழுக்கு நூல், தோலைத் துளைத்த இடத்துக்கு ஓரங்குலத்தில் இருப்பது நல்லதில்லை. மற்ற கைக்கு மாற்றிக் கட்டிக்கொண்டால் சாமி கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் கதை தனி. அவர்கள் கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் அறுவை செய்து இணைத்து ஃபிஸ்டுலா என்ற வழியை உண்டாக்கியிருப்பார்கள். தொட்டால் உள்ளே கிர்ரென்று அதிரும். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை அவர்களுடைய ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்புவது அந்த வழியாகத்தான். அந்தக் கையில் கேனுலா போடக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, பிபி பட்டைகூடச் சுற்றக் கூடாது. ஆனால் காய்ச்சலுக்காகவோ விபத்துக்காகவோ பழக்கமில்லாத மருத்துவமனைக்குப் போகும்போது, அவசரத்தில் எழும்பி நிற்கும் அந்த நாளத்தையே யாராவது தட்டிப் பார்ப்பார்கள். பளிச்சென்று தெரிகிறதே! ‘இந்தக் கை வேண்டாம்’ என்று நோயாளியும் வீட்டாரும் சொல்லியே ஆக வேண்டும். இன்னும் டயாலிசிஸ் தொடங்காத, ஆனால் சிறுநீரகம் பழுதாகி வருகிறது என்று தெரிந்தவர்களும் முன்கை நாளங்களைச் சேமித்து வைக்க வேண்டும். புறங்கையில் போடச் சொல்லிக் கேட்கலாம். முன்கையில் திரும்பத் திரும்பக் குத்தி நாளங்கள் கெட்டிப்பட்டுப் போனால், பின்னாளில் ஃபிஸ்டுலா செய்ய இடம் கிடைக்காது. சர்க்கரை நோய் இத்தனை பரவிக் கிடக்கும் ஊரில் இதைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

“நரம்பு கிடைக்கலை” என்று சிஸ்டர் சொல்வது சாக்குப்போக்கு இல்லை. உடம்பில் நீர் குறைந்தால் நாளம் சப்பிப்போய்விடும். குளிர்ந்த ஏசி அறையில் சுருங்கும். கையைக் கீழே தொங்கவிட்டு விரல்களை மூடித் திறப்பது, வெதுவெதுப்பான துணியைச் சுற்றி வைப்பது, மருத்துவர் அனுமதித்தால் முன்கூட்டியே தண்ணீர் குடிப்பது உதவும். ஒருவர் இரண்டு முறை முயன்றும் அமையாவிட்டால் கைதேர்ந்த இன்னொருவரை அழைப்பது நல்ல மருத்துவமனைகளின் வழக்கம். நோயாளி மரியாதையாகவே கேட்கலாம்: “சிஸ்டர், வேற யாரையாவது ட்ரை பண்ணச் சொல்லுங்களேன்.” கை கழுவிவிட்டுத்தான் போடுகிறார்களா என்று பார்ப்பதும் குற்றமாகாது. துடைத்த ஸ்பிரிட் காய்ந்த பிறகுதான் குத்த வேண்டும். ஈரத்தோடு குத்தினால் கிருமி சாகாது, எரிச்சலும் கூடும்.

போட்ட பிறகுதான் உண்மையான காவல் தொடங்குகிறது. பிளாஸ்திரியின் ஓரத்தில் தேதியும் நேரமும் எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் எழுதச் சொல்ல வேண்டும். எத்தனை நாள் வைக்கலாம் என்பதில் மருத்துவ உலகமே ஒருமித்துப் பேசவில்லை. பல இடங்களில் 72 மணி முதல் 96 மணி நேரத்துக்குள் மாற்றுவது வழக்கம். 2012இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு 3,283 நோயாளிகளை வைத்துப் பார்த்தது: மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்றினாலும் சரி, பிரச்சினை வந்தால் மட்டும் மாற்றினாலும் சரி, நாள அழற்சி 7 சதவீதமே. அதை நம்பி ஜெனீவாவின் மருத்துவமனைகள் கட்டாய மாற்றத்தைக் கைவிட்டபோது ரத்தத்தில் கிருமித்தொற்று கூடியது. பழைய முறைக்குத் திரும்பியதும் குறைந்தது. ஆகவே நாள் கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். எங்கேயும் மாறாதது ஒன்று உண்டு. தேவை முடிந்த கேனுலா ஒரு மணி நேரம்கூடக் கையில் இருக்கக் கூடாது. காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது “இது இன்னைக்கும் வேணுமா டாக்டர்?” என்று கேட்டுவிட வேண்டும். மாத்திரைக்கு மாறி இரண்டு நாளாகியும், எடுக்க மறந்த கேனுலாவோடு படுத்திருப்பவர்கள் எல்லா வார்டிலும் இருக்கிறார்கள்.

காவல் காப்பவர் யார்? ஒரு சிஸ்டருக்கு இருபது, முப்பது படுக்கை. அவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிது. நோயாளியின் கையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அட்டெண்டராக உட்கார்ந்திருக்கும் மனைவியோ மகனோதான். அவர்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான்: போட்ட இடம் வலிக்கக் கூடாது. குத்தும்போது வலிக்கும், அது தீர்ந்துவிடும். பிறகு தொட்டால் வலி, சிவப்பு, சூடு, நாளம் வழியே கோடு போட்டது மாதிரி சிவந்து மேலேறுவது என்றால் நாளம் அழற்சி கண்டிருக்கிறது. இடம் வெளிறி, குளிர்ந்து, வீங்கி, தோல் இழுபட்டுப் பளபளத்தால் திரவம் நாளத்துக்குள் போகாமல் சதைக்குள் கசிகிறது. வெறும் சலைன் கசிந்தால் ஓரிரு நாளில் வடிந்துவிடும். கால்சியம், பொட்டாசியம், அடர் குளுக்கோஸ், வலிப்புக்கான ஃபெனிடாயின், நாரட்ரினலின், சில கீமோ மருந்துகள் கசிந்தால் சதையே அழுகும். ஆகவே மருந்து ஏறும்போது எரிகிறது என்று நோயாளி சொன்னால் ‘கொஞ்சம் பொறுத்துக்கோ’ என்று அடக்கக் கூடாது. நிறுத்தச் சொல்லி சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். விரல் நுனிகள் வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, கை மரத்துப்போனாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கலாகாது.

இதை அழுத்திச் சொல்ல, சென்னையிலேயே நடந்த ஒரு துயரம் இருக்கிறது. 2023இல் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில், மூளையில் நீர் கோத்ததற்காகச் சிகிச்சை பெற்றுவந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் வலது கை நிறம் மாறியது. முதலில் கவனித்தது தாய். கேனுலா போட்ட இடத்தில் கை சிவந்ததை ஊழியர்களிடம் சொல்லியும் உடனே கவனிக்கவில்லை என்பது பெற்றோரின் குற்றச்சாட்டு. ஜூலை 2 அன்று எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் அந்தக் கை அகற்றப்பட்டது. ஆகஸ்டில் குழந்தை இறந்தது. அரசு அமைத்த மருத்துவர் குழு, சூடோமோனாஸ் என்ற கிருமியின் தொற்றால் ரத்தக்குழாய் அடைபட்டதே காரணம், கேனுலாவோ மருந்துக் கசிவோ அல்ல என்று அறிக்கை தந்தது. பெற்றோர் அதை ஏற்கவில்லை. யார் சொன்னது சரி என்று தீர்ப்பு எழுதுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. காரணம் எதுவானாலும் கையின் நிறம் மாறியதை முதலில் கண்டது பெற்றவளின் கண் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. சிஸ்டர் வரவில்லை என்றால் டியூட்டி டாக்டர், அவரும் இல்லை என்றால் ஆர்எம்ஓ எனப்படும் நிலைய மருத்துவ அலுவலரின் அறை என்று அட்டெண்டர்கள் படியேறத் தயங்கக் கூடாது.

கசிவைவிட அதிகமாகக் குடும்பங்கள் பயப்படுவது காற்றுக் குமிழிக்கு. சினிமா செய்த உபகாரம். ட்ரிப்ஸ் குழாயில் கடுகளவு குமிழிகள் இரண்டு, மூன்று ஓடினால் பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாது; நுரையீரலுக்குப் போய்க் கரைந்துவிடும். ஆபத்து உண்டாக்க அதைப்போல் பல மடங்கு காற்று வேண்டும். குழாயில் நீளமாகக் காற்று நின்றால் மட்டும் கிளாம்பை மூடிவிட்டு சிஸ்டரைக் கூப்பிடலாம். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தைகளுக்கு மட்டும் சிறு குமிழியும் கவலைக்குரியது. பாட்டில் காலியானால் காற்று உள்ளே பாய்ந்துவிடும் என்பதும் பெரும்பாலும் வீண் பயமே. ஓட்டம் நின்று, ரத்தம் குழாயில் பின்வாங்கி ஏறி, உறைந்து அடைத்துக்கொள்ளும். மறுபடி ஒரு குத்து வாங்க வேண்டிவரும் என்பதுதான் நஷ்டம். “சிஸ்டர், பாட்டில் முடியப்போகுது” என்று கடைசி ஐம்பது மில்லி இருக்கும்போதே குரல் கொடுப்பது போதும். கழிப்பறைக்குப் போகும்போது பாட்டிலைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனாலும் இதே கதி. பாட்டில் எப்போதும் இதயத்துக்கு மேலே.

பயப்பட வேண்டிய விஷயம் வேறொன்று. ‘சீக்கிரம் ஏறினா சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்’ என்று அட்டெண்டர்கள் குழாயின் சக்கரத்தைத் திருப்பிவிடுகிறார்கள். மருத்துவர் 500 மில்லியை நான்கு மணி நேரத்தில் ஏற்றச் சொன்னால், மில்லிக்கு 20 துளி விழும் சாதாரண செட்டில் நிமிடத்துக்கு 42 துளி என்று கணக்குப் போட்டுத்தான் சிஸ்டர் வைத்துவிட்டுப் போகிறார். வடகிழக்குப் பருவமழை முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் பள்ளிக்கரணையையும் நனைத்துவிட்டுப் போன பின் வருகிற டெங்கு மாதங்களில் இந்தச் சக்கரம் உயிர்ப் பிரச்சினை. டெங்குவில் ரத்தக்குழாய்ச் சுவர் வழியே நீர் கசியும் கட்டம் ஒன்று உண்டு. ஓரிரு நாளில் கசிந்த நீர் திரும்பி உள்ளே வரும். அப்போது கூடுதலாக ஏறிய ஒவ்வொரு பாட்டிலும் நுரையீரலில் போய்த் தேங்கும். இதய பலவீனம் உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் டெங்கு இல்லாமலேயே இந்த ஆபத்து உண்டு.

கேனுலாவோடு வீட்டுக்கு அனுப்புவது புறநகர் கிளினிக்குகளில் சகஜமாகிவிட்டது. காலையும் மாலையும் ஆன்டிபயாடிக் ஊசி, ஐந்து நாள். ஒவ்வொரு முறையும் குத்தாமல் அதே வழியில் போடலாம், படுக்கைக் கட்டணம் மிச்சம். நோயாளி மேடவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவிலோ, பெருங்களத்தூரிலிருந்து மின்சார ரயிலிலோ, கையில் பிளாஸ்திரியோடு வந்து போகிறார். இருக்கட்டும், ஆனால் கூட்டத்தில் கம்பியைப் பிடிக்க மற்ற கை. பைக் ஓட்ட வேண்டாம், ஆக்சிலரேட்டரை முறுக்கும் மணிக்கட்டில் குழாய் மடங்கும். குளிக்கும்போது பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்டி, கையை நீரில் படாமல் வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். பாத்திரம் துலக்குவது, துணி துவைப்பது வேண்டாம். நனைந்த பிளாஸ்திரி கிருமிக்கு விருந்து. நனைந்தாலோ ஓரம் பிரிந்தாலோ வீட்டிலிருக்கும் செல்லோடேப்பால் ஒட்டாமல் கிளினிக்குக்கே போய் மாற்றிக்கொள்ள வேண்டும். ஊசி போடும் துளையின் சின்ன மூடி திறந்து கிடக்கக் கூடாது. தூக்கத்தில் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் ரத்தம் சொட்டும்; சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தினால் நின்றுவிடும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கிருமி ரத்தத்தில் கலந்ததற்கு அது அறிகுறியாக இருக்கலாம்.

இத்தனை கவனமும் கேட்கும் குழாயை, தேவையே இல்லாமல் கேட்டு வாங்குபவர்களும் நம்மில் உண்டு. ‘அசதியா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் போடுங்க’ என்று வந்து உட்காருவார்கள். 500 மில்லி பாட்டிலில் 5 சதவீதக் குளுக்கோஸ் என்றால் 25 கிராம், ஐந்து, ஆறு டீஸ்பூன் சர்க்கரை. சலைன் பாட்டிலில் நாலரை கிராம் உப்பு. வாய் வழியே குடிக்க முடிகிறவருக்கு அதைக் கை வழியே ஏற்றுவதில் எந்த விசேஷ பலமும் இல்லை. இதை உலகத்துக்கு நிரூபித்தவரே ஓர் இந்தியர்தான். 1971இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பன்காவில் காலரா பரவியது. ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோக, திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். முகாமில் முப்பது சதவீதமாக இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. 2022இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் கொடுத்தார்கள். அந்தக் கரைசலின் வழிவந்ததுதான் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம். பல்லாவரம் மாதிரி வயிற்றுப்போக்கு பரவும்போதும், நினைவு தவறாத, குடித்தது வயிற்றில் தங்குகிற பெரும்பாலோருக்கு அது போதும். குடிக்கவே முடியாதவர்கள், நாடி விழுந்தவர்கள், சிறுநீர் நின்றவர்களுக்குத்தான் கேனுலா.

எடுப்பது போடுவதைவிட எளிது. ஆனால் அவசரம் கூடாது. 2021 ஜூனில் தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில், பிறந்து இரண்டு வாரமே ஆன குழந்தையின் கையிலிருந்த பிளாஸ்திரியைக் கத்தரியால் வெட்டியபோது கட்டைவிரலும் வெட்டுப்பட்டது. பச்சிளம் குழந்தையின் கையில் பிளாஸ்திரிக்குள் விரல் எங்கே இருக்கிறதென்று தெரியாது. நனைத்து இளக்கி உரிக்க வேண்டும், கத்தரி கிட்டே வரக் கூடாது. யாராவது கத்தரி எடுத்தால் தாய் தாராளமாகக் கையைத் தடுக்கலாம். உருவிய பின் பஞ்சை வைத்து இரண்டு, மூன்று நிமிடம் அழுத்த வேண்டும். ரத்தம் இளக்கும் மாத்திரை எடுப்பவர்களும் டெங்குவில் தட்டணு குறைந்தவர்களும் ஐந்து நிமிடத்துக்கு மேல். தேய்க்கக் கூடாது. வீட்டில் தானாக உருவிக்கொண்டு வந்துவிட்ட குழாயைக் குப்பைக் கூடையில் போடாமல் கிளினிக்கில் கொடுப்பது நல்லது. குப்பை பிரிக்கும் மாநகராட்சிப் பணியாளரின் கையை நினைத்துக்கொள்ள வேண்டும். ரத்தம் பட்ட குழாய்கள் சிவப்புப் பையிலும் ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவிலும் போக வேண்டும் என்பது 2016இன் மருத்துவக் கழிவு விதி.

எடுத்த இடம் சில நாள் நீலம் பாரித்திருக்கும். நாளம் கயிறு மாதிரி கெட்டிப்பட்டுத் தடவினால் தெரியலாம். வலி குறைந்துகொண்டே வந்தால் சில வாரத்தில் அது இளகிவிடும். த்ராம்போஃபோப் மாதிரி களிம்பு வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுப் போடலாம். தேங்காய் எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிடும் பாட்டி வைத்தியம் இந்த ஒரு இடத்தில் வேண்டாம், உறைந்த ரத்தக் கட்டி நகரக்கூடும். வீக்கமும் சிவப்பும் குறையாமல் கூடினாலோ, சீழ் கசிந்தாலோ, வீட்டுக்கு வந்த இரண்டு, மூன்று நாளில் குளிர்க் காய்ச்சல் கண்டாலோ அதே மருத்துவமனையின் கேஷுவாலிட்டிக்குப் போய், எந்தக் கையில், எந்தத் தேதியில், எத்தனை நாள் கேனுலா இருந்தது என்று டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிச் சொல்ல வேண்டும். இரவில் யாரைக் கேட்பதென்று தெரியாதவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. உடனே ஆம்புலன்ஸ் வேண்டுமானால் 108.